வீட்டின் இன்றைய விலையைத் தரகரிடம் கேட்டறிதல்

விற்றே தீர வேண்டிய அவசரம் இல்லாத ஒருவரும், வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரும், விவரம் தெரிந்து பேசி முடிக்கும் தொகையே வீட்டின் சந்தை விலை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தில் இந்தத் தொகை எந்த அலுவலகத்திலும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. சென்னைப் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே அளவு வீடுகள் நூறு இருக்கும். அவற்றில் பத்து விற்றால் மற்றவற்றின் விலையும் தெரிந்துவிடும். இங்கே ஒரே தெருவில் நாட்டு ஓட்டு வீடு, மச்சு வீடு, புதிய மாடி வீடு, பாதி இடிந்த மண்சுவர் என்று அடுத்தடுத்து நிற்கின்றன. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் கைமாறுகின்றன. அப்படிக் கைமாறும்போது உண்மையில் எண்ணிக் கொடுத்த பணம் எவ்வளவு என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்: விற்றவர், வாங்கியவர், இடையில் நின்ற தரகர். முதல் இருவரும் வெளியே சொல்வது அரிது. அதனால் விலை விசாரிப்பவர் தரகரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

தரகர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். முதல் வகை ஊர்த் தரகர். நெல் வியாபாரம், மாட்டுத் தரகு, டீக்கடை என்று வேறு பிழைப்பும் வைத்திருப்பார். எந்த வீட்டில் அண்ணன் தம்பி பாகத் தகராறு இருக்கிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் உப்பு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டாம் வகை மனைப்பிரிவு ஏஜென்ட். வயலை மனையாக்கி விற்கும் நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தருபவர் இவர். புது மனையின் விலை இவருக்கு விரல்நுனியில் இருக்கும், ஆனால் ஊருக்குள் இருக்கும் பழைய வீட்டின் விலை தெரியாது. மூன்றாமவர் சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டி உட்காரும் பத்திர எழுத்தர். இவர் தரகர் அல்ல என்றாலும், எந்தத் தெருவில் என்ன மதிப்புக்குப் பத்திரம் பதிவாகிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறவர். பழைய வீட்டுக்கு விலை கேட்க ஊர்த் தரகரே சரியான ஆள். மற்ற இருவரும் அவர் சொல்வதைச் சரிபார்க்கப் பயன்படுவார்கள்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்றுத் தரும் முகவர் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒருவருடைய பழைய வீட்டை மறுவிற்பனை செய்து தரும் ஊர்த் தரகரை அந்தக் கட்டாயம் தொடுவதில்லை. உரிமமோ தேர்வோ இல்லாத தொழில் இது. இதுவரை முடித்துக் கொடுத்த கிரயங்களே அவருக்குத் தகுதிச் சான்று. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்தெந்த வீடுகளை முடித்துக் கொடுத்தார் என்று முதலிலேயே கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல தரகர் அதைப் பெருமையோடு சொல்வார்.

ஒரே வீட்டுக்கு நான்கு விலை

தரகர் சொல்லும் தொகையைப் புரிந்துகொள்ள, ஒரே வீட்டுக்கு நான்கு விலைகள் உண்டு என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது வழிகாட்டி மதிப்பு. பதிவுத்துறை முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்காகத் தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வைத்திருக்கும் தொகை இது. பதிவுத்துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். சந்தை ஏறினால் இது தானாக ஏறாது, அரசு உத்தரவு வந்தால்தான் மாறும். 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே சமயம் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டு, கட்டணம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2017-ல் எந்த வீடும் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை என்பது எல்லோரும் கண்டது. வழிகாட்டி மதிப்பு வரிக்கான அளவுகோல் மட்டுமே என்பதை அது நன்றாகவே காட்டிவிட்டது.

இரண்டாவது பத்திரத்தில் எழுதிய தொகை. மூன்றாவது வங்கி மதிப்பு. வீட்டுக் கடன் கேட்டு வருபவருக்காக வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து அளந்து எழுதும் தொகை இது. பணம் திரும்பாவிட்டால் ஏலத்தில் என்ன தேறும் என்ற கவலையோடு எழுதப்படுவதால் இது பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும். நான்காவதுதான் கைக்குக் கை போகும் சந்தை விலை. தரகரிடம் கேட்க வேண்டியது இதை மட்டுமே. வழிகாட்டி மதிப்பை இரண்டால் பெருக்கிச் சந்தை விலை என்று சொல்லும் தரகர்கள் உண்டு. அந்தப் பெருக்கலுக்கு எந்த ஆதாரமும் இல்லை. சில உட்கிராமங்களில் சந்தை விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாகவே இருக்கலாம். அப்போதும் வாங்குபவர் வழிகாட்டி மதிப்புக்கே தீர்வை கட்ட வேண்டும் என்பதால் பேரம் இன்னும் இறுகும்.

கேட்கப் போகுமுன்

அளவு தெரியாமல் விலை கேட்பது வீண். இந்த வட்டாரத்தில் நான்கு அளவுமுறைகள் ஒன்றோடொன்று கலந்து புழங்குகின்றன. ஊர்த் தரகர் சென்ட் கணக்கில் பேசுவார், மனைப்பிரிவு ஏஜென்ட் சதுர அடியில் பேசுவார், பெரியவர்கள் காணி என்பார்கள், பட்டாவில் ஏர் என்றோ சதுர மீட்டர் என்றோ இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் ஐந்தரை சென்ட். ஒரு காணி 24 கிரவுண்டு, அதாவது ஏறத்தாழ 1 ஏக்கர் 32 சென்ட். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. பட்டாவில் பரப்பு 0-01.50 என்று இருந்தால் அது ஒன்றரை ஏர்: 1,614 சதுர அடி, 3.7 சென்ட். ஒரு தரகர் ‘சென்ட் மூணு லட்சம்’ என்றும் இன்னொருவர் ‘சதுர அடி எழுநூறு’ என்றும் சொன்னால், இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒருவரை நியாயமானவர் என்றும் மற்றவரைப் பேராசைக்காரர் என்றும் நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

பட்டாவில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றா என்று டேப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். பழைய தெருக்களில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒரு சாண் உள்ளே வந்திருப்பதும், திண்ணை தெருவுக்குள் நீண்டிருப்பதும் வழக்கம். திண்ணைக்கு விலை வைத்துக் கேட்டால் தரகர் சிரித்துவிட்டு அதைக் கழித்துத்தான் சொல்வார்.

அளவைவிடப் பெரியது காகிதம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், குடவோலைத் தேர்தலில் நிற்கத் தகுதியானவர் யார் என்று பட்டியலிடுகின்றன. வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வீடு யாருடையது என்பதோடு அது நிற்கும் மனை யாருடையது என்பதையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்ட ஊர் இது. இன்றும் தரகர் கேட்கும் முதல் கேள்வி அதுதான், ஏனென்றால் மனையின் வகையே யார் வாங்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கிராம நத்தத்தில் உள்ள வீடு தாராளமாக விற்கக்கூடியது. ஆனால் தாய்ப்பத்திரம் இல்லாமல் அனுபவமும் வீட்டு வரி ரசீதும் மட்டும் இருந்தால் வங்கிகள் கடன் தரத் தயங்கும். கடனில் வாங்குபவர் விலகிவிட்டால், முழுப் பணமும் கையில் வைத்திருப்பவர்தான் மிச்சம். அப்படிப்பட்டவர்கள் ஊரில் சிலரே என்பதால் விலை இறங்கும். கோயில் மனையில் கட்டிய வீடு என்றால், மனை கோயிலுடையது. குடியிருப்பவர் மனை வாடகை செலுத்துபவர் மட்டுமே. பழைய கோயில்கள் நிறைந்த இந்த ஊரில் இதை விசாரிக்காமல் இருக்கவே கூடாது. ஏரி, வாய்க்கால் புறம்போக்கில் உள்ள வீட்டுக்குச் சந்தை விலை என்ற ஒன்றே கிடையாது. அரசு வழங்கிய இலவச வீட்டுமனைப் பட்டாவில், குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும்.

பஞ்சமி நிலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-ல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. உத்திரமேரூர் அன்று அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்பது செல்லாது. அதை அறிந்தும் ‘பரவாயில்லை, முடிச்சிடலாம்’ என்று விலை சொல்லும் தரகர் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்தே ஏமாற்றுகிறார். மனைப்பிரிவில் வாங்கிய மனை என்றால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உள்ளதா, இல்லையென்றால் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டதா என்பதற்கான உத்தரவைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்பதும் விலையின் பகுதி. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணின் கையெழுத்து வராது என்று தெரிந்தால் தரகர் மனதுக்குள்ளேயே விலையைக் குறைத்துக்கொள்வார்.

கேட்கும் முறை

‘என் வீடு எவ்வளவு போகும்?’ என்று கேட்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அந்தக் கேள்விக்குத் தரகர் ஒரு தொகையைச் சொல்வார், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. கேட்க வேண்டியது நடந்து முடிந்த கிரயங்களைப் பற்றி. வயதான ஓர் உரிமையாளர், மகன் வயதுள்ள தரகரிடம் இப்படிக் கேட்கலாம்:

“தம்பி, நம்ம தெருவுல கடசியா எந்த வூடு கைமாறிச்சி?”

“கோடி வூட்டுக்கு முந்தின வூடும்மா. போன தையில முடிச்சோம்.”

“எத்தினி சென்ட்டு? மனைக்கு மட்டும் விலையா, கட்டடத்தையும் சேத்தா?”

“அஞ்சு சென்ட்டு. மனைக்குத்தாம்மா. ஓட்டு வூடு, வாங்கினவங்க இடிச்சிட்டாங்க.”

“மொதல்ல இன்னா சொன்னாங்க, முடிஞ்சது இன்னா?”

“சொன்னது ரொம்ப. மூணு மாசம் இழுத்துத்தான் எறங்கி வந்தாங்க.”

“வாங்கினவங்க ஊருக்காரங்களா, வெளியூரா?”

இந்த நான்கு கேள்விகளில் கிடைப்பவை எல்லாம் சரிபார்க்கக்கூடிய செய்திகள். சொன்ன விலைக்கும் முடிந்த விலைக்கும் உள்ள இடைவெளி சந்தையின் நிலைமையைச் சொல்கிறது. மூன்று மாதம் இழுத்தது, வாங்குபவர் குறைவு என்பதைச் சொல்கிறது. வாங்கியவர் யார் என்பது, இனி யார் வருவார்கள் என்பதைச் சொல்கிறது: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் போய்வரும் குடும்பமா, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவரா, முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைக்கும் சென்னைக்காரரா? ஆலைத் தொழிலாளி பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகில் கேட்பார். ஊர் திரும்பியவர் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பக்கம் கேட்பார். சென்னைக்காரர் தார்ச்சாலையை ஒட்டிக் கேட்பார். ஒரே வீட்டுக்கு இந்த மூவரும் வெவ்வேறு விலை தருவார்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது, தன் வீட்டில் விலையைக் குறைக்கும் குறை எது என்பது. வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாதது தரகர் கண்ணுக்குத் தெரியும். தெருக்குத்து உள்ள மனை, தென்மேற்கு தாழ்ந்த மனை, கார் நுழையாத சந்து, உப்புத் தண்ணீர், மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஏறும் தெரு எல்லாம் இங்கே விலையைத் தின்பவை. கல்குவாரி, கிரஷர் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டிய வீடு என்றால் தூசியும் அதிர்வும் தனிக் கழிவு. தெருக்குத்தில் நம்பிக்கை இல்லாத உரிமையாளரும் அதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் வாங்க வருபவருக்கு நம்பிக்கை இருக்கிறது.

குறைந்தது மூன்று தரகர்களைத் தனித்தனியே கேட்பது நல்லது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தத் தொகையைச் சுற்றியே அடுத்தவரும் பேசுவார். மூவரில் ஒருவரையாவது வீட்டுக்குள் அழைத்து வந்து காட்ட வேண்டும். தெருவில் நின்றபடி சொல்லும் விலைக்கும், கூரையின் ஒழுகலையும் கிணற்றையும் பின்கட்டையும் பார்த்துச் சொல்லும் விலைக்கும் வித்தியாசம் உண்டு.

சொல்லும் விலையின் உள்நோக்கம்

விலையை ஏற்றிச் சொல்லும் தரகர், வீட்டைத் தன் கைக்குள் கொண்டுவர அப்படிச் சொல்கிறார். பெரிய தொகை சொன்னவரிடமே உரிமையாளர் விற்பனையை ஒப்படைப்பார் என்று அவருக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து ‘பார்ட்டி வரலை, கொஞ்சம் எறங்குங்க’ என்பார். குறைத்துச் சொல்பவருக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, விரைவில் முடித்துத் தரகு வாங்க வேண்டும். விலை இரண்டு லட்சம் ஏறினால் அவருக்குக் கூடுவது சில ஆயிரம்தான். அதற்காக மாதக்கணக்கில் அலைய அவர் விரும்புவதில்லை. மற்றொன்று, வாங்குபவர் அவர் கையிலேயே இருப்பார், அல்லது அவரே வாங்கி விற்க நினைப்பார்.

எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டியது ‘நெட் ரேட்’ என்ற பேச்சில். ‘உங்களுக்குக் கையில இவ்வளவு வந்தா போதுமா? மேல வர்றத நான் பாத்துக்கிறேன்’ என்று தரகர் கேட்டால், அவர் விலை சொல்வதை நிறுத்திவிட்டு வியாபாரத்தில் இறங்கிவிட்டார் என்று பொருள். அதற்குச் சம்மதிப்பவருக்குத் தன் வீட்டின் உண்மை விலை கடைசிவரை தெரியாது. வழக்கமான தரகு ஒவ்வொரு தரப்பிலும் விலையில் 1 முதல் 2 சதவீதம். அதைப் பேசிக் கொடுத்துவிடுவதே மேல். விலை கேட்க வந்த நாளில் விற்பனைக்குச் சம்மதம், டோக்கன் அட்வான்ஸ், பவர் பத்திரம் எதற்கும் இடம் தரக் கூடாது. அசல் பத்திரத்தைக் கையில் கொடுக்கக் கூடாது. நகல் கொடுத்தால், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைத் தேதியோடு அதன் மேலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

வரப்போகிற திட்டங்களைக் காட்டி விலை சொல்வது இன்னொரு வழக்கம். 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததிலிருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தின் எந்த மூலையில் விலை கேட்டாலும் அந்தப் பெயர் பேச்சில் வருகிறது. பரந்தூர் இருப்பது காஞ்சிபுரத்துக்கு வடபுறம், உத்திரமேரூர் தென்புறம். அறிவிப்புக்கு முன்னும் பின்னும் தன் தெருவில் முடிந்த கிரயங்கள் உண்மையில் ஏறியிருந்தால் மட்டுமே அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஏறவில்லை என்றால் அது தரகரின் ஆசை. அந்த விமான நிலையத்துக்காக எடுக்கப்படும் ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் தங்கள் வீட்டையும் வயலையும் காக்கப் போராடிக்கொண்டிருக்கும் நிலையில், அதை இங்கே விலையேற்றமாகப் பேசுவது மனதுக்கும் ஒப்பாதது.

கேட்கும் மாதமும் பதிலை மாற்றும். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் முடிப்பவர்கள் குறைவு. ஆடிப்பெருக்கு ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. தையில் நெல் அறுவடைப் பணம் புழங்கத் தொடங்கும்போது வாங்குபவர்கள் கூடுவார்கள். ஆடியில் கேட்ட விலையைத் தையில் ஒருமுறை திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சொன்னதைச் சரிபார்த்தல்

இங்கிலாந்தில் ஒவ்வொரு வீடும் என்ன விலைக்கு விற்றது என்பதை நிலப் பதிவகமே வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு ஓரளவு நிகரானது வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்துத் தேடினால், தன் வீட்டுக்கு மட்டுமல்லாமல் பக்கத்து எண்களுக்கும் நடந்த பதிவுகள் தெரியும். தரகர் ‘போன தையில் முடிந்தது’ என்று சொன்ன வீடு அதில் இருக்கிறதா, தேதி சரியா, பரப்பு சரியா என்று பார்க்கலாம். அதில் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது பத்திரத்தில் எழுதிய தொகை. இரண்டாவது, பெயர் எப்படி இருந்தாலும், தீர்வைக்காகக் கணக்கிட்ட மதிப்பே. இரண்டையும் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தரகர் சொன்ன கிரயம் நடந்ததா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிறகு கணக்கு. கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. மனை 4 சென்ட். அந்தத் தெருவில் முடிந்த கிரயங்களின்படி சென்ட் ரூ.4 லட்சம் என்றால் மனைக்கு ரூ.16 லட்சம். அதன் மேல் 900 சதுர அடி கான்கிரீட் வீடு, வயது 24. இன்று அதே வீட்டைக் கட்டச் சதுர அடிக்கு ரூ.2,000 என்றால் ரூ.18 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு என்று வைத்தால், 24 ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் போக மிஞ்சுவது ரூ.10,80,000. ஆக ரூ.26,80,000. தரகர் ரூ.22 லட்சம் என்று சொன்னால் எங்கே குறைகிறது என்று இப்போது கேட்க முடியும். பெரும்பாலும் மனையில் குறையாது, கட்டடத்தில்தான் குறையும். வாங்குபவர் தன் வசதிக்கு மாற்றிக் கட்டப்போகிறார் என்றால் அந்தப் பத்து லட்சத்தில் பாதிகூடத் தரமாட்டார். நாட்டு ஓட்டு வீட்டுக்குக் கட்டட விலையே கிடைக்காமல் போவதும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் உத்திரமும் இருந்தால், பழைய மரம் வாங்குபவரிடம் தனியாக விலை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாங்குபவர் இடிக்கும்போது அந்த மரம் அவருக்கு இனாமாகப் போகிறது.

வாங்குபவரின் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து ரூ.26,80,000-க்கு ரூ.2,41,200. இதுவும் அவர் பையிலிருந்துதான் போகிறது. வங்கிக் கடன் என்றால், ரூ.30 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆனால் அந்த மதிப்பு வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதுவது. அவர் ரூ.20 லட்சம்தான் எழுதினார் என்றால் மீதிக்குக் கையில் பணம் வேண்டும்.

பத்திரத்தில் எழுதும் தொகை

விலை பேச்சின் முடிவில் தரகர் இரண்டு தொகை சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது: ஒன்று கைக்கு, ஒன்று பத்திரத்துக்கு. விலை விசாரிக்கும்போதே ‘முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதினால் என்ன விலை?’ என்று கேட்டுவிட வேண்டும். அசையாச் சொத்துக்கான பணத்தில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று வரும் லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி. அதற்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் வரி குறைந்தால் அந்தத் தொகையைக் கட்டினால் போதும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்த வீட்டுக்கு அந்தத் தேதியின் மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். ஊரக விவசாய நிலத்துக்கு இந்த வரி இல்லை என்பதைக் கேட்டு, கிராமத்து வீட்டுக்கும் இல்லை என்று நம்புவது பெரும் தவறு.

குறைத்து எழுதுவதால் ஊருக்கே வரும் கேட்டை யாரும் சொல்வதில்லை. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, அரசு நிலம் எடுக்கும்போது, அருகில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களின் தொகையையும் பார்த்தே இழப்பீட்டுக்கான மதிப்பு கணக்கிடப்படுகிறது. ஊரில் எல்லாப் பத்திரங்களும் பாதி விலைக்கு எழுதப்பட்டிருந்தால், நிலத்தை இழக்கும் நாளில் அந்தப் பாதி விலையே எதிரே வந்து நிற்கும்.

தரகர் போதாத இடங்கள்

பாகப்பிரிவினை, நீதிமன்ற வழக்கு, வங்கிக் கடன், 2001-ஆம் ஆண்டு மதிப்பு ஆகியவற்றுக்குத் தரகரின் வாய்ச்சொல் செல்லாது. அரசில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் எழுத்துமூல அறிக்கை வேண்டும். அண்ணன் தம்பி, அக்காள் தங்கைக்குள் பங்கு பிரிக்கும்போது ஒரு தரப்பு அழைத்து வரும் தரகரை மறு தரப்பு நம்பாது. கட்டணம் கொடுத்து ஒரு மதிப்பீட்டாளரை எல்லோரும் சேர்ந்து அழைப்பது பல குடும்பங்களில் பேச்சுவார்த்தை முறியாமல் காப்பாற்றும்.

விற்கும் எண்ணம் இல்லாமல் விலை மட்டும் கேட்பவர் அதைத் தரகரிடம் நேராகச் சொல்லிவிடலாம். அவருடைய அரை நாள் வேலை கெடுகிறது என்பதால் ஒரு சிறு தொகை கொடுப்பது முறை. மூன்று தரகர்கள் சொன்ன தொகை, அவர்கள் காட்டிய கிரயங்கள், வில்லங்கச் சான்றில் கண்டது, கேட்ட தேதி ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். அதில் உள்ள விலை ஓர் ஆண்டுக்கு மேல் செல்லாது.